டிகாக்ஷனும் ஜின்னும்

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். சரித்திரம் பிறகு.

ஃபில்டரில் இறங்கிய முதல் டிகாக்ஷன் 30 மில்லி. நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஜின் 60 மில்லி. சர்க்கரையும் வெந்நீரும் சரிபாதியாகக் கரைத்த பாகு 15 மில்லி. மூன்றையும் ஐஸ் கட்டிகளோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, கை மரத்துப்போகும்வரை குலுக்க வேண்டும். ஐஸ் இங்கே குளிர்ச்சிக்கு மட்டுமில்லை. அது கரைந்து தண்ணீராகிச் சேர்வதும் கணக்கில் உண்டு. பிறகு டீ வடிகட்டியில் வடிகட்டினால், டம்ளரின் மேற்பரப்பில் பழுப்பு நுரை கட்டும். எங்கள் வீட்டுப் பொடியில் சிக்கரி இருப்பதால் கசப்பு கொஞ்சம் மண்டையாகவே இருந்தது. ஆனால் அந்தக் கசப்புக்கு அடியிலிருந்து ஜூனிப்பர் காயின் வாசனை - சாம்பிராணியும் எலுமிச்சந்தோலும் கலந்த மாதிரி - மெள்ள எழுந்து வந்தது. குடிக்க முடிந்தது என்பதைவிட அதிகமாகவே சொல்லலாம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. மனைவி ஊருக்குப் போயிருந்தாள். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். ஜின்னைக் கொண்டுவந்தவர் நண்பர், கவிதை எழுதுகிறவர், தபால் இலாகாவில் இருக்கிறார். இரண்டாவது வாய் குடித்துவிட்டு, "இது ரெண்டும் எப்பவோ சேர்ந்திருக்க வேண்டியதய்யா" என்றார். கவிஞர்கள் யோசிக்காமல் சொல்கிற சில வாக்கியங்களை விமர்சகன் மறுநாள் வங்கிக்குப் போகிற பஸ்ஸில் யோசித்துக்கொண்டு போகும்படி ஆகிவிடுகிறது. இந்த இரண்டு பானங்களும் ஒரே நகரத்தில், ஒரே நூற்றாண்டில், சில தெருக்கள் இடைவெளியில் வாழ்ந்தவை. ஒன்றிலிருந்து நாம் இலக்கிய விமர்சனம் என்று சொல்கிற காரியம் பிறந்தது. மற்றதிலிருந்து சட்டங்களும் கோர்ட் சாட்சியங்களும் ஒரு செதுக்கோவியமும் மிஞ்சின. எழுத்தில் இவை சந்திக்கவேயில்லை. ஏன் என்பதுதான் விஷயம்.

லண்டனின் முதல் காப்பிக் கடை 1652இல் கார்ன்ஹில்லில், செயின்ட் மைக்கேல் சந்தில் திறந்தது. நடத்தியவர் பாஸ்க்வா ரோஸே. டேனியல் எட்வர்ட்ஸ் என்ற வியாபாரி ஸ்மிர்னாவிலிருந்து அழைத்துவந்த வேலையாள். கல்லூரியில் அடிஸனையும் ஸ்டீலையும் பாடம் கேட்ட என் போன்றவர்களுக்கு, அதற்குப் பின் நடந்தவை மனப்பாடம். ஒரு பென்னி கொடுத்தால் உள்ளே போகலாம். பத்திரிகை படிக்கலாம். பக்கத்தில் பிரபு இருக்கிறாரா, கடைக்காரர் இருக்கிறாரா என்று பார்க்காமல் வாதாடலாம். இரண்டாம் சார்லஸுக்கு இது பிடிக்கவில்லை. 1675 டிசம்பர் கடைசியில் எல்லாக் காப்பிக் கடைகளையும் மூடச் சொல்லிப் பிரகடனம் போட்டான்; அது அமலுக்கு வர இருந்த 1676 ஜனவரி 10ஆம் தேதிக்கு முன்பே வாபஸ் வாங்கிக்கொண்டான். அரசன் தோற்ற இடம் என்ற கீர்த்தி அன்றே காப்பிக்கு வந்துவிட்டது.

கோவென்ட் கார்டன் பக்கத்தில் வில்ஸ் காப்பிக் கடையில் டிரைடனுக்கு நிரந்தரமான நாற்காலி. குளிர்காலத்தில் கணப்பு அருகில், கோடையில் பால்கனியில். இளங்கவிஞர்கள் அவர் தீர்ப்புக்காகக் காத்துக் கிடந்தார்கள். 1709 ஏப்ரலில் ஸ்டீல் 'டாட்லர்' தொடங்கியபோது பத்திரிகையின் பகுதிகளையே கடைகளின் பெயரில் பிரித்தார். கவிதை வில்ஸிலிருந்து வரும், கல்வி கிரேஷியனிலிருந்து, அரசியல் செய்தி செயின்ட் ஜேம்ஸிலிருந்து, கேளிக்கைகள் ஒயிட்ஸ் சாக்லேட் கடையிலிருந்து. ஒரு பத்திரிகையின் உள்ளடக்கப் பக்கமே ஒரு நகரத்தின் காப்பி வரைபடமாக இருந்தது. 1711இல் 'ஸ்பெக்டேட்டர்' வந்தது. நாளுக்கு மூவாயிரம் பிரதி போகிறது, பிரதிக்கு இருபது பேர் படிக்கிறார்கள் என்று அடிஸன் கணக்குப் போட்டார். (நம் பத்திரிகைகளும் பிரதிக்கு இருபது பேர் என்றுதான் கணக்குப் போடுகின்றன. அந்த மூவாயிரம்தான் இல்லை.) தத்துவத்தை அறைகளிலிருந்து வெளியே கொண்டுவந்து காப்பிக் கடைகளிலும் தேநீர் மேஜைகளிலும் குடியேற்றுவதே தம் ஆசை என்றார் அவர். 1962இல் ஹேபர்மாஸ் தம் பொதுவெளி பற்றிய நூலை எழுதியபோது, அந்தக் கட்டடத்தின் முக்கியமான தூண்களில் ஒன்றாக இந்தக் காப்பிக் கடையை நிறுத்தினார். அதற்குப் பிறகு அது விமர்சகர்களின் குலதெய்வக் கோயில் ஆகிவிட்டது.

என் உத்தியோகத்துக்கும் அதுவே கோயில். எட்வர்ட் லாயிட் என்பவர் நடத்திய காப்பிக் கடையில் கப்பல் சேதிகள் பேசப்பட்டன. அங்கிருந்து கடல் இன்ஷூரன்ஸ் வளர்ந்தது. எக்ஸ்சேஞ்ச் சந்தில் ஜோனதன்ஸ் என்ற கடையில் பங்குகள் கைமாறின; 1698இல் ஜான் காஸ்டெய்ங் அங்கிருந்து விலைப்பட்டியல் அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். கவிதை விமர்சனமும் கடன் பத்திரமும் ஒரே கூஜாவிலிருந்து ஊற்றப்பட்டவை. பகலில் லெட்ஜரும் ராத்திரியில் விமர்சனமுமாக இருக்கும் என்னைப் பார்த்து இரட்டை வாழ்க்கை என்று இரங்குகிற நண்பர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

அந்தக் காப்பி எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1660இலிருந்து காப்பிக்கு வரி, கொட்டைக்கு இல்லை, காய்ச்சிய திரவத்துக்கு. காலனுக்கு 4 பென்ஸ். வரி அதிகாரி வந்து அளக்க வசதியாகக் கடைக்காரர் மொத்தமாகக் காய்ச்சிப் பீப்பாயில் வைத்திருப்பார். ஆள் வந்ததும் சூடுபண்ணிக் கொடுப்பார். 1689வரை இப்படித்தான். டிரைடன் கவிதைக்குத் தீர்ப்புச் சொன்னபோது அவர் கையில் பெரும்பாலும் இருந்தது, எங்கள் அம்மா வேலைக்காரிக்குக்கூடக் கொடுக்கத் தயங்குகிற பழைய காப்பி. ருசிக்காக யாரும் அங்கே போகவில்லை என்பது தெரிகிறது. மயக்கம் தராத ஒரு பானத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம் என்பதற்காகப் போனார்கள். தெளிவு என்ற ஒரு குணத்தையே அவர்கள் குடித்தார்கள். பின்னால் அந்தக் குணத்தைத் தங்களுடைய சொத்தாகவும் எழுதிக்கொண்டார்கள். என் ஆட்சேபணை இங்கேதான் ஆரம்பமாகிறது.

இனி மற்றக் கோப்பை.

ஜின்னின் மூலம் ஹாலந்து நாட்டு ஜெனீவர். 1688இல் ஆரஞ்சு வில்லியம் இங்கிலாந்து வந்து, மறு வருஷம் அரியணை ஏறினான். பிரான்ஸோடு யுத்தம், பிரெஞ்சு பிராந்திக்குத் தடை. 1690இல் பார்லிமெண்டு உள்நாட்டுத் தானியத்திலிருந்து சாராயம் காய்ச்சுவதை ஊக்குவிக்கச் சட்டம் போட்டது. பார்லிமெண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் நிலப்பிரபுக்கள். விளைந்த தானியத்துக்கு விலை வேண்டும். யுத்தத்துக்கு வரி வேண்டும். இரண்டும் ஒரே அண்டாவில் கொதித்தன. ஏழைகள் இந்தப் பானத்தைத் தேடிப் போகவில்லை. அது அவர்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. மேல் அரைக்கும் கீழ் அரைக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம் இதில் மறைந்துபோகிறது: ஜின் வெறியைப் பிற்பாடு கண்டித்த அதே சபைதான் அதைப் பிறப்பித்தது.

1739இல் வில்லியம் மெய்ட்லண்ட் லண்டனின் சரித்திரம் எழுதினார். சளைக்காமல் எண்ணுகிற மனிதர். எனக்கு ரொம்பப் பிடித்தமானவர். அவர் எண்ணிப் பார்த்த லண்டனில் காப்பிக் கடைகள் 551. சாராயக் கடைகள் 8,659. ஒரு காப்பிக் கடைக்குப் பதினைந்து பதினாறு சாராயக் கடைகள். ஆங்கில இலக்கிய வரலாறு படித்த யாரிடமாவது பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனைப் பற்றிக் கேளுங்கள். அந்த 551இல் ஐந்தாறின் பெயரையாவது சொல்வார்கள். 8,659இல் ஒன்றின் பெயர்கூடச் சொல்ல முடியாது. நானும் இதை எழுத உட்காரும்வரை அப்படித்தான்.

இந்தக் கடைகளைக் கடை என்பதே அதிகம். நிலவறை, சில்லறைச் சரக்குக் கடையின் ஒரு மூலை, தள்ளுவண்டி, இடுப்புக் கூடை. டர்பென்டைன் கலந்த சரக்கும் உண்டு. காப்பிக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் தவிர பெண்ணுக்கு இடமில்லை. ஜின்னை விற்றவர்களிலும் குடித்தவர்களிலும் பெண்கள் நிறைய. சொற்ப முதலில் ஒரு விதவை ஆரம்பிக்கக்கூடிய வியாபாரம் அது. 1736இல் பார்லிமெண்டு சில்லறை விற்பனைக்கு வருஷ லைசென்ஸ் 50 பவுன் என்றும் காலனுக்கு 20 ஷில்லிங் வரி என்றும் விதித்தது. மறைமுகமான மதுவிலக்கு. தெருவில் விற்பவர்களுக்கு 10 பவுன் அபராதம், கட்ட முடியாதவர்களுக்கு இரண்டு மாதம் கடுங்காவல், காட்டிக்கொடுப்பவர்களுக்கு 5 பவுன் சன்மானம். லைசென்ஸ் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணலாம். மாட்டியவர்களில் ஏழைப் பெண்களே அதிகம். தெருவில் 'மதாம் ஜெனீவா'வுக்குப் பாடை கட்டி இழவு கொண்டாடினார்கள். காட்டிக்கொடுத்தவர்களை ஜனங்கள் அடித்தார்கள். விற்பனை குறைந்ததா என்றால், 1743இல் வரிகட்டின சாராயமே 80 லட்சம் காலனை எட்டியிருந்தது.

இந்தச் சட்டத்தின் நடுவில்தான் டட்லி பிராட்ஸ்ட்ரீட் வருகிறான். புளூ ஆங்கர் சந்தில் ஒரு வீட்டை எடுத்து, ஜன்னலில் ஒரு பூனைப் பலகையைத் தொங்கவிட்டான். பூனையின் வாயில் காசைப் போட்டு, இன்ன அளவு வேண்டும் என்று காதில் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து அவன் புனலில் ஊற்ற, பூனையின் கால் அடியில் வைத்திருந்த ஈயக் குழாய் வழியாக ஜின் வெளியே சொட்டும். விற்கிறவன் முகம் யாருக்கும் தெரியாததால் சாட்சி சொல்ல ஆளில்லை. பிராட்ஸ்ட்ரீட் 1755இல் தன் சுயசரிதையை வெளியிட்டதால் நமக்கு இது தெரிகிறது. ஜின் உலகத்திலிருந்து முதல் நபரில் பேசுகிற அபூர்வமான குரல். அதுவும் விற்றவனுடைய குரல், அவனும் கேப்டன் பட்டம் போட்டுக்கொண்ட சாகசக்காரன். பூனைக்கு வெளியே, மழையில் வாயைத் திறந்துகொண்டு நின்றவர்கள் எதுவும் எழுதவில்லை.

அவர்கள் பேசினது ஒரே இடத்தில்தான் பதிவாயிற்று. ஓல்ட் பெய்லி கோர்ட்டில். அந்த விசாரணைகளை அச்சிட்டு விற்றார்கள். காப்பிக் கடை மேஜைகளில் 'ஸ்பெக்டேட்டர்' கிடந்த இடத்தில் அவையும் கிடந்திருக்கும். 1734 பிப்ரவரியில் ஜூடித் டிஃபோர் என்ற பெண்ணின் வழக்கு. இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் பிச்சைக்காரர் விடுதியில் வளர்க்க விட்டிருந்தாள். விடுதியில் குழந்தைக்குப் புதுத்துணி உடுத்தியிருந்தார்கள். குழந்தையை ஒரு பகல் வெளியே அழைத்துப்போய், துணிக்காகக் கழுத்தை நெரித்துக் கொன்று, ஒரு சாக்கடையில் போட்டுவிட்டாள். துணி 16 பென்ஸுக்கு விற்றது. கூட்டாளியோடு பங்கிட்டுக்கொண்டு ஜின் குடித்தாள். அன்று இரவு வழக்கம்போல் வேலைக்குப் போய், கூட வேலைசெய்தவர்களிடம் தானே சொல்லிவிட்டாள். அவளுடைய தாய் கோர்ட்டில் வந்து, இவளுக்கு எப்போதுமே புத்தி சுவாதீனம் கிடையாது, திரிந்துகொண்டே இருப்பாள் என்று சொன்னாள். மார்ச்சில் தூக்கிலிட்டார்கள்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஜின்னுக்கு எதிரான பிரசுரங்களில் இவள் கதை வந்துகொண்டே இருந்தது. நம் முற்போக்கு நண்பர்களும் இவளைக் கையில் எடுத்துக்கொண்டு, அமைப்பின் பலி என்று ஒரு முத்திரை குத்தி வைத்துவிட முடியும். ஜின் குடித்தவர்களைக் கலகக்காரர்கள் ஆக்குவதும் நிராதரவான தேவதைகள் ஆக்குவதும் காப்பிக் கடையிலிருந்து கிளம்புகிற சௌகரியங்கள்தான். அந்தக் குழந்தையின் பெயர் மேரி. அதைத் தாண்டி இந்த வழக்கில் எனக்கு உறுத்துவது அந்த ராத்திரி வேலை. கொன்றுவிட்டு வேலைக்குப் போனாள் என்ற அந்த ஒரு தகவலில் ஒரு நாவல் கிடக்கிறது. அப்போதுதான் நாவல் என்ற வடிவமே லண்டனில் உருவாகிக்கொண்டிருந்தது. ஆனால் அவளை எழுத யாருக்கும் தோன்றவில்லை. டீஃபோவின் மோல் ஃபிளாண்டர்ஸ் 1722இலேயே வந்துவிட்டாள். ஆனால் அவள் கெட்டிக்காரி, கணக்குத் தெரிந்தவள், கடைசியில் பிழைத்துக்கொள்கிறவள். வியாபாரிகள் படித்து ரசிக்கக்கூடிய பாவி.

ஹோகார்த்தின் 'ஜின் லேன்' 1751 பிப்ரவரியில் வந்தது. கூடவே ஜோடியாக 'பீர் ஸ்ட்ரீட்'. பிரதி ஒரு ஷில்லிங். செயின்ட் ஜைல்ஸ் பகுதியில் ஒரு தெரு. படியில் உட்கார்ந்திருக்கும் பெண் மூக்குப்பொடிக்குக் கையை நீட்டுகிறாள். மடியிலிருந்து குழந்தை தலைகீழாக விழுகிறது. இந்தப் பெண்ணைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஜூடித் ஞாபகம் வந்திருக்கும். அவளைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் பார்க்கச் சொல்வது, படியில் அவளுக்குக் கீழே கிடக்கிற ஆளை. எலும்புக்கூடாக, ஒரு கையில் கிளாஸோடு, செத்துக்கொண்டிருக்கிறான் அல்லது செத்துவிட்டான். தெருத்தெருவாகப் பாட்டுப் புத்தகம் விற்றவன். கூடையிலிருந்து ஒரு தாள் வெளியே தொங்குகிறது. தலைப்பு, மதாம் ஜின்னின் வீழ்ச்சி. ஜின்னுக்கு எதிரான பாட்டை விற்றே ஜின் குடித்துச் செத்தவன். அந்தத் தெருவில் எழுத்தோடு சம்பந்தப்பட்ட ஒரே ஜீவன்! 'பீர் ஸ்ட்ரீட்'டில் மட்டும் என்ன? அங்கே புத்தகங்கள் ஒரு கூடை நிறைய, டிரங்குப் பெட்டி செய்கிறவனுக்கு உள்தாளாக ஒட்டுவதற்குப் போகின்றன. எழுத்தாளர்கள் விஷயத்தில் ஹோகார்த் ஆரோக்கியமான தெருவுக்கும் அழிந்த தெருவுக்கும் பாரபட்சம் காட்டவில்லை.

இந்த மனிதருக்குக் காப்பியோடு ஒரு பழைய கணக்கு இருந்தது. ஹோகார்த்தின் தகப்பனார் ரிச்சர்ட், லத்தீன் வாத்தியார். பள்ளிக்கூடம் நடக்கவில்லை என்று 1700களின் தொடக்கத்தில் செயின்ட் ஜான்ஸ் கேட்டில் ஒரு காப்பிக் கடை ஆரம்பித்தார். அங்கே படித்த கனவான்கள் வந்து லத்தீனில் பேசலாம் என்று விளம்பரம் செய்தார். லத்தீனில் பேசிக்கொண்டே காப்பி குடிக்க லண்டனில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்! கடை திவாலாயிற்று. கடனுக்காக ஃபிளீட் சிறைப்பகுதியில் குடும்பத்தோடு ஏறக்குறைய ஐந்து வருஷம் இருந்தார்கள். பையன் அப்போது சிறுவன். காப்பிக் கடையின் பொற்காலம் என்று நாம் படிக்கிற வருஷங்கள்தான் அவை. 'டாட்லர்' வெளிவந்துகொண்டிருந்த வருஷங்கள். எல்லோரும் வந்து பேசலாம் என்று திறந்துவைத்த ஒரு கடை, யாரும் வராததால் ஒரு குடும்பத்தைச் சிறைக்கு அனுப்பியது. சிறுபத்திரிகை நடத்துகிறவர்கள் இந்த வாத்தியாரைத் தங்கள் ஆதிமூலமாக வைத்துக்கொள்ளலாம்.

'ஜின் லேன்' படத்தில் இடப்பக்கம் ஓர் அடகுக் கடை. வாசலில் ஒரு தச்சன் ரம்பத்தை நீட்டுகிறான். ஒரு பெண் அடுப்படிச் சாமான்களை நீட்டுகிறாள். கடைக்காரர் ரம்பத்தை உற்றுப் பார்த்து மதிப்பிடுகிறார். நான் நாலு வருஷமாக நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறேன். மாதக் கடைசியில், பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில், தீபாவளிக்கு முன்னால், தாலியைத் தவிர எல்லாம் எங்கள் தராசில் ஏறி இறங்கியிருக்கிறது. சில சமயம் மஞ்சள் கயிற்றுக்கு மாறிவிட்டு அதுவும். எதற்கு என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. விவசாயம் என்று எழுதுகிறோம். எந்தப் பணம் எங்கே போகும் என்பது கொடுக்கிறவனுக்கும் வாங்குகிறவளுக்கும் தெரியும். ஒருமுறை ஒரு பெண் தோட்டைக் கழற்ற முடியாமல் காதில் ரத்தம் வர, "பரவாயில்லை சார், நீங்க எழுதுங்க" என்றாள். நான் எழுதினேன். வட்டி விகிதத்தைச் சொன்னேன். அன்று மாலை நண்பர்களோடு காப்பி குடித்துக்கொண்டு நாவலில் யதார்த்தம் என்பது பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசியதாக ஞாபகம். அந்தப் பெண் பேச்சில் வரவில்லை.

ஹோகார்த் அடகுக் கடைக்காரரை நல்ல உடுப்போடு, நிதானமாகவே போட்டிருக்கிறார். தெருவில் நிதானமாக இருக்கிற ஆள் அவர். காப்பி குடிக்கிறவர் என்று நினைத்துக்கொள்ள எனக்கு எந்தத் தடையுமில்லை.

அந்தப் படம் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்னால், ஹோகார்த்தின் நண்பர் ஃபீல்டிங் திருட்டுக்களின் பெருக்கம் பற்றி ஒரு பிரசுரம் எழுதியிருந்தார். அவர் போ ஸ்ட்ரீட்டில் மாஜிஸ்டிரேட். 'டாம் ஜோன்ஸ்' எழுதி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஜின் குடித்தவர்களைத் தினசரி எதிரே நிறுத்திப் பார்த்த நாவலாசிரியர். என்றாலும் அவர்களைப் பற்றி எழுத வந்தபோது பேனா நாவலாசிரியனின் கையில் இல்லை, மாஜிஸ்டிரேட்டின் கையில் இருந்தது. ஃபீல்டிங், ஹோகார்த் இருவரும் கோவென்ட் கார்டனில் பெட்ஃபோர்டு காப்பிக் கடைக்குப் போகிறவர்கள். 1751இல் புதிய சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாதவர்களுக்குச் சாராயம் சப்ளை செய்வதைத் தடுத்தது. 1757இல் தானிய விளைச்சல் பொய்த்தபோது தானியத்திலிருந்து காய்ச்சுவதையே 1760வரை நிறுத்தினார்கள். வெறி அடங்கிற்று. படத்தால் அடங்கியதா, பஞ்சத்தால் அடங்கியதா என்று கேட்டால், பஞ்சத்தின் பக்கம் அதிகம் சாய்வேன்.

எழுத்தில் சந்திக்கவில்லை என்றேன். தெருவில் சந்தித்தன. கோவென்ட் கார்டன் சந்தையில், செயின்ட் பால் சர்ச்சுக்கு எதிரில், டாம் கிங், மோல் கிங் என்ற தம்பதி ஒரு மரக்கொட்டகையில் காப்பிக் கடை நடத்தினார்கள். புருஷன் இறந்தபின் மோல் நடத்தினாள். இரவு முழுக்கத் திறந்திருக்கும். காப்பியோடு சாராயமும் கிடைக்கும். சந்தைக் கூலியும் வேசியும் பிரபு வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில். அடிஸன் சொன்ன சமத்துவம் நிஜமாகவே நடந்த இடம் லண்டனில் ஒன்று உண்டென்றால் இந்தக் கொட்டகையாகத்தான் இருக்கும். ஹோகார்த் 1738இல் வெளியிட்ட 'காலை' என்ற படத்தில் அது வருகிறது: பனி, சர்ச்சுக்குப் போகிற ஒரு முதிர்கன்னி, கொட்டகைக்குள் அடிதடி, வாசலில் விளையாட்டு. 1739இல் ஒழுங்கீனமான வீடு நடத்தியதாக மோலுக்கு அபராதம் போட்டார்கள். பொதுவெளி பற்றிய தத்துவங்களில் வில்ஸ் வருகிறது, பட்டன்ஸ் வருகிறது. மோல் கிங் வருவதில்லை. அவளுக்கு வேடிக்கைச் சரித்திரங்களில் இடம் கொடுத்திருக்கிறார்கள். காப்பி தனியாக இருந்தால் அறிவு. சாராயத்தோடு இருந்தால் வேடிக்கை.

இதை லண்டனோடு விட்டுவிட மனம் வரவில்லை. 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். நஷ்டமான வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. அதே காலத்தில்தான் நம் ஊர்களில் 'பிராமணாள் காப்பி கிளப்' பலகைகள் தொங்கின. லண்டன் காப்பிக் கடை பென்னி கொடுத்த ஆணையெல்லாம் உள்ளே விட்டதென்றாவது சொல்லிக்கொண்டது. நம்முடையது பலகையிலேயே ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்தது. நம் நவீன இலக்கியம் அந்தக் காப்பி மேஜைகளைச் சுற்றித்தான் வளர்ந்தது. கள்ளுக்கடை நம் கதைகளில் வருகிறது; பெரும்பாலும் பார்க்கப்படும் இடமாக வருகிறது, பார்க்கிற இடமாக வருவது அபூர்வம். இதற்குமேல் இங்கே சொன்னால் அது வேறு கட்டுரை ஆகிவிடும்.

செய்முறைக்குத் திரும்புகிறேன். காப்பி காக்டெயிலின் பரம்பரை நேரானதில்லை. 1887இல் வந்த ஜெரி தாமஸின் அமெரிக்கக் கைநூலில் 'காப்பி காக்டெயில்' என்று ஒன்று இருக்கிறது. அதில் போர்ட் ஒயின், பிராந்தி, முட்டை எல்லாம் உண்டு. காப்பி மட்டும் இல்லை. பார்க்கக் காப்பி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். இன்று உலகம் பூராவும் குடிக்கிற எஸ்பிரெஸோ மார்ட்டினியை 1980களில் லண்டனில் டிக் பிராட்ஸெல் உருவாக்கினார். அவர் 2016இல் காலமானார். அப்போது வேலை பார்த்த இடம் ஸோஹோவில் ஓல்ட் காம்ப்டன் தெரு. மது அடிக்கும் மேடைக்குப் பக்கத்திலேயே காப்பி இயந்திரம் இருந்த கடை. அவர் சேர்த்தது வோட்கா. வோட்காவுக்கு வாசனை இல்லை. காப்பியோடு சச்சரவு இல்லாமல் போய்விடும். ஜின்னைப் போடுவது பிற்பாடு மற்றவர்கள் செய்த மாறுதல். அந்த ஓல்ட் காம்ப்டன் தெருவிலிருந்து செயின்ட் ஜைல்ஸ் நடக்கிற தூரம்தான். ஜின் லேனும் காப்பியும் ஒரே கிளாஸில் இறங்க அந்தத் தூரத்தைக் கடந்து வர ஏறத்தாழ இருநூற்றைம்பது வருஷம் பிடித்திருக்கிறது. இறங்கியபோது அதன் விலை, பழைய ஜின் லேன் ஆட்கள் யாரும் கொடுக்க முடியாத விலை.

நாங்கள் செய்ததில் ஒரு குறை: டிகாக்ஷன் முழுதாக ஆறவில்லை. அதனால் ஐஸ் சீக்கிரம் கரைந்து நீர்த்துவிட்டது. நுரையும் எஸ்பிரெஸோ நுரை மாதிரி நிற்காது. சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்ஷனில் அந்த அழுத்தம் இல்லை. குடிப்பதற்கு அரை நிமிஷம் முன்பு குலுக்கினால் போதும்.

காலையில் அம்மா ஃபில்டரைத் திறந்து பார்த்தாள். "ராத்திரி யாருக்குடா காப்பி?" என்றாள். நண்பன் வந்திருந்தான் என்றேன். அலம்ப எடுத்த டம்ளரை மூக்கருகில் கொண்டுபோனாள். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு டம்ளர்களையும் புளி போட்டுத் தேய்த்து, கொல்லையில் துவைக்கிற கல்லின் ஓரமாகக் கவிழ்த்து வைத்தாள். இன்னும் அங்கேயே இருக்கின்றன. அடுத்த முறை சிக்கரி கலக்காத பொடி வாங்கி வருவதாக நண்பர் சொல்லியிருக்கிறார்.